மூணு பேர் பறந்தா இருபத்தஞ்சு நிமிஷம்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்க. இதைச் சத்தம் போட்டுச் சொன்னால் கல்லூத்துப்பட்டிக்காரங்க சண்டைக்கு வந்துருவாங்க.

அந்த ஊரில் கிணறு வெட்டுகிற அண்ணன் தம்பி மூணு பேர். மூத்தவர் மொக்கராசு, நடுவில் ஒச்சப்பன், கடைசி சடையாண்டி. மொக்கராசுதான் புத்திசாலி. தம்பிமார் ரெண்டு பேரும் சத்தியம் செய்வார்கள்.

சென்னையில் வாக்கப்பட்ட தங்கச்சி பேச்சி, தன் பிள்ளைக்குக் காதுகுத்து வைத்தாள். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்தணும். முகூர்த்தம் பத்தரையிலிருந்து பதினொன்றரை. அதை விட்டால் இந்த வருஷம் நாளே இல்லை.

"அண்ணே, மதுரையிலிருந்து ஆகாசத்துல நானூத்தம்பது கிலோமீட்டர். ஒண்ணேகால் மணி நேரம் ஆகும். ஆறு மணி பிளேன்ல வந்துருங்க. ஒம்பதரை பிளேன் வேணாம்" என்று போனில் தெளிவாகத்தான் சொன்னாள்.

மூணு பேரும் கூடிப் பேசினார்கள்.

"டிக்கெட்டு ஆளுக்கு ஒண்ணு. அப்ப நேரமும் ஆளுக்கு ஒண்ணேகால்தானே? மூணு பேருக்கு மூணே முக்கால் மணி நேரம் ஆயிருமே!" ஒச்சப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அட கூறுகெட்டவனே" என்றார் மொக்கராசு. "ஒரு ஆள் மூணு நாள்ல வெட்டுற கிணத்தை நாம மூணு பேரும் எத்தனை நாள்ல வெட்டுறோம்?"

"ஒரே நாள்ல."

"அப்ப ஒரு ஆளு ஒண்ணேகால் மணி நேரம் போற தூரத்தை?"

விரல் மடக்கிப் பார்த்தார்கள். இருபத்தஞ்சு நிமிஷம். ஆளுக்கு நூத்தம்பது கிலோமீட்டர்.

"ஆறு மணிக்கு ஏறுனா ஆறரைக்குள்ள இறங்கிருவோம். மாப்பிள்ளை பல்லுகூட விளக்கியிருக்க மாட்டாரு. மாமன்மாருக்கு மரியாதை வேணாமா?"

ஒம்பதரை பிளேனில் ஏறினார்கள். சரியாக இருபத்தஞ்சாவது நிமிஷம் மூணு பேரும் சீர்ப்பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றார்கள்.

"உட்காருங்க சார், இன்னும் அம்பது நிமிஷம் இருக்கு" என்றாள் பணிப்பெண்.

மொக்கராசு சுற்றும் முற்றும் பார்த்தார். "பாத்தியாடா, ஏறுனதுல முக்காவாசிப் பேரு தூக்கம்! வேலை எப்படி நடக்கும்?"

சடையாண்டி பக்கத்து சீட்டுக்காரரை உலுக்கினான். "ஐயா, எந்திரிங்க. உங்க பங்கையும் சேத்து நாங்களே பறந்துக்கிட்டிருக்கோம்."

"யோவ், நான் டிக்கெட் வாங்கியிருக்கேன்யா!"

"வாங்கிட்டு இப்படிச் சும்மா கிடக்கீகளே, அதைத்தான் கேக்குறோம்."

சென்னையில் இறங்கி வெளியே வரும்போது மணி பதினொண்ணு அஞ்சு. டாக்சியில் ஏறி உட்கார்ந்ததும் போன் அடித்தது.

"அண்ணே! இன்னும் இருபத்தஞ்சு நிமிஷம்தான் இருக்கு. ஆசாரி ஊசியும் கையுமா நிக்கிறாரு. அங்கிருந்து வீட்டுக்கு ஒரு மணி நேரமாகுமே! போச்சே!" பேச்சி அழுதாள். தம்பிமாரும் சேர்ந்து அழுதார்கள்.

மொக்கராசு அசையவில்லை. குனிந்து டிரைவர் முகத்தை உற்றுப் பார்த்தார். நல்லா முழித்திருந்தான்.

"எதுக்குத்தா அழுவுற? நாங்க மூணு, டிரைவர் தம்பி ஒண்ணு, ஆக நாலு பேரு. ஒருத்தரும் தூங்கல. கால் மணி நேரத்து வேலை. இன்னும் பத்து நிமிஷம் மிச்சம் கிடக்கு."

சொல்லிவிட்டு போனை வைத்தார். டிரைவரையும் கீழே இறக்கினார். நாலு டீ சொல்லிவிட்டு, டிக்கி மேல் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.