ரெண்டாம் நம்பர் பிளக்

சத்தியமங்கலத்திலிருந்து பண்ணாரி போகிற ரோட்டில் ஒரு மெக்கானிக் இருந்தாள். அவளிடம் வண்டியை விட்டுவிட்டு டீ குடிக்கப் போக முடியாது.

பழைய வண்டி என்றால் ஸ்பேனரை வண்டிக்காரர் கையிலேயே கொடுத்துவிடுவாள். தான் ஒரு பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். புது வண்டி கம்பெனிக்குப் போகட்டும், பழசு வைத்திருக்கிறவருக்கு அதன் வயிறு தெரிந்திருக்க வேண்டும் என்பது அவள் கட்சி. பெயர் கோகிலவாணி. லாரிக்காரர்கள் வைத்த பெயர் வாத்தியாரம்மா. அவளிடம் கோபித்துக்கொண்டு போனவர்கள் நிறைய. போனவர்களில் முக்கால்வாசிப் பேர் திரும்பி வந்துவிடுவார்கள்.

அப்படித் திரும்பி வந்தவர் சென்னியப்பன். அவளைவிட நன்றாகவே வயதில் மூத்தவர். சந்தையில் மல்லிகைப் பூ மூட்டைகளைத் தன் பழைய ஆம்னி வேனில் ஏற்றி, திம்பம் மலை வழியாகச் சாம்ராஜ்நகர் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் தொழில். முதன்முதலில் ஸ்பேனரை நீட்டியபோது, "சரிங்க குருவே" என்று நக்கலாகத்தான் சொன்னார். நக்கல் எப்போது கழன்று விழுந்தது என்று தெரியவில்லை. குரு மட்டும் ஒட்டிக்கொண்டது.

அன்றைக்கு மத்தியானம் பூவை இறக்கிவிட்டு வந்தவர் முகத்தில் இரண்டு கவலை இருந்தது. ஒன்று வண்டி. இன்னொன்று அப்பா.

வண்டி மலை ஏறும்போது மிஸ் அடித்தது. சமவெளியில் ஒன்றும் இல்லை. வளைவில் கியரைக் குறைத்து மிதித்தால் நொண்டியது. கழற்றிப் பார்த்தால், இன்ஜினுக்குள் நெருப்புப் பொறி வைக்கிற மூன்று பிளக்கில் நடுவில் இருப்பது, ரெண்டாம் நம்பர், கரி பிடித்துக் கிடக்கும். புதுசு போட்டால் சில நாள் நன்றாக இழுக்கும். அப்புறம் அதுவும் கறுத்துவிடும். இப்படி எத்தனை போட்டார், எத்தனை எறிந்தார் என்று அவருக்கே கணக்கில்லை.

அப்பாவுக்கு வாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் குழறிப்போனது. பூ வண்டி விடியக்காலம் கிளம்பியாக வேண்டும், வீட்டில் வேறு யாரும் இல்லை என்பதால் பார்த்துக்கொள்ள ஆள் வைத்திருந்தார். இப்போது இருப்பவன் நஞ்சுண்டன், தாளவாடிப் பக்கத்திலிருந்து சின்ன வயதிலேயே பிழைக்க வந்து, இங்கேயே மீசை நரைத்துப்போன ஆள். அவனும் சரியில்லை என்று சென்னியப்பன் முடிவு கட்டிவிட்டார். ஈரோட்டில் ஆள் அனுப்புகிற ஏஜென்சியில் கேட்டதற்கு, நாளைக்கே புது ஆள் வரும், பொழுது சாய்வதற்குள் சொல்லிவிடுங்கள் என்றார்களாம். நஞ்சுண்டனிடம் காலையிலேயே, நாளைக்கு வருவதைப் பற்றிச் சாயங்காலம் சொல்கிறேன் என்று ஒரு மாதிரியாகச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பியிருந்தார்.

இரண்டையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டுக் கேட்டார்.

"அம்மிணி, நல்லதா எப்படிங்க பாத்து எடுக்கறது?"

"எதை?"

"இப்போதைக்குப் பிளக்கை."

கோகிலவாணி சீட்டைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தாள். இந்த வண்டிக்கு இன்ஜின் முன்சீட்டுக்கு அடியில்தான் இருக்கும்.

"ரெண்டாம் நம்பரை மாத்திப் போடுங்கண்ணா."

அவ்வளவுதானே என்று சென்னியப்பன் ஒரு பைக்காரனிடம் தொற்றிக்கொண்டு டவுனுக்குப் போனார். உதிரிபாகக் கடைக்காரர் கண்ணாடி மேசையில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். இது சாதா. இது ஹாட் பிளக், சூடு நிற்கும், கரியை எரித்துவிடும் என்பார்கள், ஆனால் வண்டிக்குப் பொருந்தாவிட்டால் இன்ஜினுக்கு ஆகாது. இது நுனி ஊசி மாதிரி, விலை கூட, ஆயுசும் கூட. சென்னியப்பன் வெகு நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஹாட் பிளக்கைக் கையில் எடுத்துப் பார்த்துத் திரும்ப வைத்துவிட்டு ஊசி நுனியை வாங்கினார். இத்தனை நாள் சாதாவில் கஞ்சத்தனம் பண்ணினதுதான் தப்பு என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தார்.

கோகிலவாணி அட்டையைப் பிரித்து நுனியைப் பார்த்தாள். இடைவெளி அளக்கிற பில்லர் கேஜின் மெல்லிய தகடு ஒன்றை நுனியில் விட்டு இழுத்தாள். தலையை ஆட்டினாள்.

"நல்ல பிளக்குண்ணா."

சொல்லிவிட்டு அதை அவருடைய சட்டைப் பையிலேயே போட்டாள்.

"போட வேண்டாமுங்களா?"

"மாத்திப் போடத்தானே சொன்னேன். வாங்கிப் போடவா சொன்னேன்?"

பக்கத்தில் லாரிக்கு அடியில் படுத்துக் கிடந்த டிரைவர், அண்ணன் பரீட்சையில் கேள்வியையே தப்பாகப் படித்துவிட்டார் என்று அங்கிருந்தே சொல்லிச் சிரித்தார். சென்னியப்பன் லாரி டயரை ஒரு உதை விட்டார்.

"ரெண்டுல இருக்கறதை எடுத்து ஒண்ணுல போடுங்க" என்றாள் அவள். "ஒண்ணுல இருக்கறதை ரெண்டுல போடுங்க."

"கெட்டதைக் கொண்டுபோய் நல்ல இடத்துல வெக்கறதா?"

"கெட்டதுன்னு எப்படித் தெரியும்?"

"கறுப்பா இருக்குதே."

"கறுப்பா இருக்குது. அவ்வளவுதான் தெரியுது."

சென்னியப்பன் முணுமுணுத்துக்கொண்டே குனிந்தார். பிளக்குக்குக் கரண்ட் கொண்டுவருகிற ஒயரைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்துக் கழற்றினார். பிளக்கைத் திருகி வெளியே எடுத்தார். ஒண்ணாம் நம்பரில் இருந்தது காய்ந்த ஏலக்காய்த் தோல் நிறத்தில் இருந்தது. ரெண்டில் இருந்தது அடுப்புக் கரி. இடம் மாற்றி வைத்து ஸ்பேனரை எடுக்கப் போனவரைத் தடுத்து, கோகிலவாணி ஒரு துண்டுப் பெட்ரோல் டியூப்பை நீட்டினாள். பிளக்கின் தலையில் அதைச் செருகி விரலால் திருகி, கடைசி இறுக்குக்கு மட்டும் ஸ்பேனர் போட வேண்டும். மரை கோணலாகப் பிடித்தால் டியூப் வழுக்கிக்கொண்டு தானே நின்றுவிடும். ஸ்பேனருக்கு அந்த அறிவு கிடையாது, அது பிய்த்துக்கொண்டு போகும் என்றாள்.

இரண்டு பேரும் வண்டியில் ஏறிப் பண்ணாரி தாண்டிச் சில வளைவுகள் மேலே போனார்கள். வண்டி அதே மாதிரி நொண்டியது. ஒரு கரும்பு லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, திரும்ப இடம் பார்த்து இறங்கி வந்தார்கள்.

வந்ததும் சென்னியப்பன் ஸ்பேனரை எடுத்தார். சூட்டோடு கழற்றினால் மரை பிடுங்கிக்கொண்டு வந்துவிடும், ஆறட்டும் என்றாள் அவள். டீ வந்தது. குடித்துக்கொண்டே அப்பா கதையை எடுத்தார்.

முதலில் இருந்தவர் வேலுமணி. நல்ல மனுஷன்தான், ஆனால் ஆமை. ஒரு கிண்ணம் கஞ்சி ஊட்ட ஒரு முழுக் காலை ஆகும். மாட்டுச் சந்தைக் கதையெல்லாம் பேசிக்கொண்டு ஊட்டுவார். ஒரு நாள் சென்னியப்பன் மலையிலிருந்து திரும்பி வந்தபோது அப்பா நெஞ்சில் கஞ்சி காய்ந்து கிடந்தது. அன்றைக்கே நிறுத்திவிட்டார். அடுத்து வந்தவன் சுறுசுறுப்பு. ஆனால் அவன் ஊட்டினால் அப்பா துப்புவார். அவனுக்கு அடுத்தவன் டம்ளரை நீட்டினால் இடது கையால் தட்டிவிடுவார். இப்போது நஞ்சுண்டன் வந்தபிறகு துப்புவதும் இல்லை, தட்டுவதும் இல்லை. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு வாயை மூடிக்கொள்கிறார்.

"வர வர மோசமான ஆளாவே வந்து சேருதுங்க. எடுக்கத் தெரியல எனக்கு."

கோகிலவாணி டீ கிளாஸைக் கீழே வைத்தாள்.

"வேலுமணியண்ணன் போனப்ப அப்பாகிட்டச் சொன்னீங்களா?"

"என்னன்னு?"

"இனி வரமாட்டார்னு."

"அவருக்கென்னங்க புரியப்போகுது" என்றார் சென்னியப்பன்.

அவள் எழுந்துபோய் இன்ஜின் மேல் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். இன்னும் ஆறவில்லை.

அதற்குள் போன் வந்தது. நஞ்சுண்டன்தான். இன்றைக்குப் பெரியவர் மூன்று கரண்டி குடித்தார் என்று சொல்லத்தான் கூப்பிட்டிருந்தான். சுவரைப் பார்த்துக்கொண்டேதான் குடித்தாராம், ஆனால் குடித்தாராம். சரி சரி, சாயங்காலம் பேசுகிறேன் என்று சென்னியப்பன் வைத்துவிட்டார். மூன்று கரண்டியை ஒரு பெரிய சாதனையாகச் சொல்ல வந்துவிட்டான் என்று சலித்துக்கொண்டார்.

லாரி டிரைவர் தன் வேலையை முடித்துக்கொண்டு கிளம்பினார். போகும்போது, ரிசல்ட் வந்தால் சொல்லியனுப்புங்கள் அண்ணா என்று ஒரு ஹாரன் அடித்துவிட்டுப் போனார்.

"இப்பக் கழட்டுங்க."

ஒண்ணாம் நம்பரை முதலில் எடுத்தார். கரி பிடித்துக் கிடந்த அந்தப் பழைய பிளக், நுனியில் வெளுத்து, ஏலக்காய்த் தோல் நிறத்துக்கு வந்துகொண்டிருந்தது. சென்னியப்பன் அதை வெயிலில் நீட்டிப் பார்த்தார். வேட்டி முனையால் துடைத்துப் பார்த்தார். அதேதான், பக்கவாட்டில் அவருடைய ஸ்பேனர் வழுக்கின கீறல்கூட இருந்தது.

பிறகு ரெண்டாம் நம்பருக்குக் குனிந்து ஒயரில் கை வைத்தார்.

"நில்லுங்கண்ணா."

நின்றார்.

"கையை எடுக்காதீங்க. எதைப் புடிச்சிருக்கீங்க?"

சென்னியப்பன் தன் கையைப் பார்த்தார்.

"ஒயரை."

"எப்பவும் அப்படித்தான் கழட்டுவீங்களா?"

"வேற எப்படிக் கழட்டறதுங்க?"

அவள் குனிந்து, பிளக்கின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருந்த ரப்பர் மூடியை இரண்டு விரலால் பிடித்து, லேசாகத் திருகி, மேலே எடுத்தாள். சத்தமே இல்லாமல் வந்தது. கீழே இருந்த பிளக்கைச் சென்னியப்பன் கழற்றினார். மலை ஏறுவதற்கு முன்னால் நல்ல நிறத்தில் இருந்த பிளக். கறுக்கத் தொடங்கியிருந்தது.

கோகிலவாணி ஒயரை மூடிக்குப் பக்கத்தில் வளைத்துக் காட்டினாள். வெளியே ஒரு வெடிப்பும் இல்லை. பிளேடால் மேல்தோலைக் கீறிப் பிரித்தாள். உள்ளே ஓடுகிற நரம்பு அறுந்து, ஒரு முனை இன்னொரு முனையைத் தொட்டும் தொடாமலும் கிடந்தது. சமவெளியில் எப்படியோ தாண்டிக் குதித்துக்கொண்டிருந்த நெருப்பு, பாரம் ஏறினால் தாண்ட மாட்டாமல் நின்றுவிடும். எரியாத பெட்ரோல்தான் பிளக்கில் கரியாகப் படியும்.

சென்னியப்பன் அந்த இரண்டு முனையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முதல்ல போச்சே ஒரு பிளக்கு, அது?"

"அதுக்கு வயசாயிருக்கும். மெதுவா எரிஞ்சிருக்கும். கொஞ்ச நாள் ஓடியும் இருக்கும்."

"அதுக்கப்பறம் போட்டது?"

"நல்ல பிளக்குண்ணா."

"அதுக்கும் அடுத்தது?"

"எல்லாமே நல்லதுதான்."

"அப்ப இது எப்ப அறுந்துச்சு?"

"ஒரே நாள்ல அறுந்திருக்காது. ஒவ்வொரு தடவை மாத்தறப்பவும் கொஞ்சம் கொஞ்சமா."

சென்னியப்பன் வண்டியின் படியில் உட்கார்ந்துவிட்டார். ரோட்டில் ஒரு பஸ் போனது. கடைசி வெயில் மேற்கே மஞ்சளாக நின்றது. அவர் ஒயரைக் கையில் வைத்துக்கொண்டு, அறுந்த முனைகளைச் சேர்த்துப் பிடித்துப் பிடித்துப் பார்த்தார். விட்டால் விலகிக்கொண்டது.

கோகிலவாணி உள்ளே போய்ப் புது ஒயர் எடுத்து வந்தாள். இந்தத் தடவை ஸ்பேனரையும் அவரிடம் கொடுக்கவில்லை, தானும் பூட்டவில்லை. ஒயரை மட்டும் நீட்டிவிட்டு நின்றாள். அவர் இரண்டு பிளக்கையும் துடைத்து, அதன் அதன் பழைய இடத்திலேயே விரலால் திருகி வைத்து, ஸ்பேனரைத் தானே எடுத்துக் கடைசியாக ஒரு இறுக்கு இறுக்கினார். மூடியை இரண்டு விரலால் பிடித்து, குழந்தைக்குத் தொப்பி போடுவது மாதிரி வைத்து அழுத்தினார். சாவியைத் திருப்பினார். இன்ஜின் ஒரே சீராக ஓடியது. ஆக்சிலரேட்டரை மிதித்துப் பார்த்தார். நொண்டல் இல்லை.

அவர் முகத்தில் மட்டும் சந்தோஷம் வரவில்லை.

மறுபடி போன் அடித்தது. திரையில் நஞ்சுண்டன் பெயர். நாளைக்கு வரட்டுமா வேண்டாமா என்று கேட்கப்போகிறான். சென்னியப்பன் எடுக்கவில்லை. அது அடித்து அடித்து நின்றது. கொஞ்ச நேரத்தில் மறுபடி அடித்தது.

போனைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"சரியாயிருமாங்க, குருவே?"

கோகிலவாணி கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள்.

"ஆயிருங்கண்ணா. இனிக் கொஞ்ச நாளைக்கு யாரும் புடிச்சு இழுக்காம இருக்கோணும்."