பூனைக்கு வாய் ஒண்ணு

ஒரு ஊர்ல ஒரு ஒண்ணாங்கிளாஸ் இருந்துச்சாம். ராஜா ராணியெல்லாம் வேற யார்கிட்டயாவது கேட்டுக்கோ, இந்த அத்தைகிட்ட ஒண்ணாங்கிளாஸ்தான். "ம்" கொட்டலேன்னா நிறுத்திடுவேன்.

"ம்."

அந்தக் கிளாஸ்ல ஒரு பொண்ணு. அவ அம்மா ரெண்டாவது பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குப் போயிருந்தா. பொண்ணுக்குப் பள்ளிக்கூடம் இருக்கே, அதனால அத்தை வீட்ல விட்டுட்டுப் போனா. அப்புறம் தம்பி பொறந்திருக்கான்னு போன் வந்துச்சு. அன்னைலேர்ந்து பொண்ணு பள்ளிக்கூடத்துல வாயே திறக்கல. அதான் பாப்பா கெடைச்சாச்சே, இனிமே அம்மா எதுக்கு நம்மகிட்ட வரப்போறான்னு நெனச்சுக்கிட்டா, பாவம்.

"...ம்."

அப்போ ஸ்டெல்லா டீச்சர் பட அட்டை கொண்டாந்தாங்க. மொத தடவை பாத்தா "ஒரு", திரும்பப் பாத்தா "அந்த"ன்னு சொல்லணும். அதான் ஆட்டம்.

மொத அட்டைல ஒரு பூனை, குட்டியைப் பதமா கவ்விக்கிட்டுப் போகுது. அப்புறம் ரெண்டாவது அட்டை. அந்தப் பூனை இன்னொரு குட்டியைத் தூக்கிட்டுப் போகுது. மூணாவதுல மழை சோன்னு கொட்டுது. மிச்சம் இருந்த குட்டி தனியா, மியாவ் மியாவ்னு.

டீச்சர் கடைசி அட்டையை முந்தானைல மறைச்சுக்கிட்டு, "அடுத்து என்ன ஆகும்?"னாங்க.

"நாய் வரும்"னான் ஒருத்தன். "குட்டி ஓடிப்போயிடும்"னா ஒருத்தி. "அம்மா மறந்துடுச்சு"ன்னான் இன்னொருத்தன், தடிப்பயல்.

நம்ம பொண்ணு படக்குன்னு எழுந்து நின்னா.

"வரும் டீச்சர். பூனைக்கு வாய் ஒண்ணுதானே? ஒவ்வொண்ணாத்தான் தூக்கும்."

டீச்சர் முந்தானையை விலக்கினாங்க. சொட்டச் சொட்ட நனைஞ்சு, காலி வாயோட, மதில் மேல தடதடன்னு ஓடி வருது!

"அந்தப் பூனை!"ன்னு கத்தினா பாரு, பக்கத்து கிளாஸ் வரைக்கும் கேட்டுச்சாம். சாயங்காலம் கேட்ல வெச்சு டீச்சர் சொன்னப்போ எனக்கு அழுகையே வந்துடுச்சு.

"அத்தை, அது நான்தானே?"

"இன்னும் தூங்கலியா நீ? நீதான்டி, என் செல்லம்."

"அப்போ அம்மா?"

"தம்பிக்குக் கழுத்து நிக்கட்டும், வந்துடுவா. பூனைக்குத்தான் வாய் ஒண்ணு. உங்கம்மாவுக்குத் தோளும் இருக்கு, இடுப்பும் இருக்கு. தோள்ல தம்பி."

"இடுப்புல?"

"நீயே சொல்லு, அடுத்து என்ன ஆகும்?"

"...நான்."

அவ்வளவுதான். குட்டியும் வீடு போய்ச் சேந்துச்சு, கதையும் வீடு போய்ச் சேந்துச்சு. கண்ணை மூடு.