இருபதும் இருபத்திரண்டும்

என் குருவுக்கு என்னைவிட இருபத்தெட்டு வயசு கம்மி. பெயர் பிலோமினா. போடியில் ஜீப் ரிப்பேர் ஷெட் வைத்திருக்கிறாள். போதாக்குறைக்கு ஒன்பதாம் வகுப்பில் என்னிடம் கணக்குப் படித்தவள்.

படித்தவள் என்று சொல்வதே என் வாய்க்கொழுப்பு. ஒருநாள் அவளைப் போர்டுக்குக் கூப்பிட்டேன். விரல்விட்டு எண்ணிக்கொண்டு நின்றாள். எனக்குப் பொறுமை போய்விட்டது. "தள்ளு, நான் போடுறேன்" என்று சாக்பீஸைப் பிடுங்கி விடையை நானே போட்டுவிட்டேன். முப்பது வருஷமும் நான் அப்படித்தான் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஓய்வு பெறும்போது பொன்னாடை போர்த்தி அனுப்பினார்கள்.

அறுபது வயசில் நான் அவளிடம் போய் நின்றதற்குக் காரணம் என் தங்கை மங்களேஸ்வரி.

தங்கை வாக்கப்பட்டது மலைமேல், தேக்கம்பாறையில். ஏலக்காய்த் தோட்டத்து ஊர். பஸ் கிடையாது. ஜீப் மட்டும் ஏறும் பாதை ஒன்று உண்டு. அவள் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. எங்கள் பக்கத்தில் தாய்மாமன் சீர் வந்து இறங்கின பிறகுதான் பெண்ணை மணையில் உட்கார வைப்பார்கள். மாமன்கள் ரெண்டு பேர். ஒருவன் நான், தனுஷ்கோடி. இன்னொருவன் என் தம்பி காசிராஜன். எங்களுக்குள் ஆறு வருஷமாகப் பேச்சு இல்லை.

சண்டை அப்பாவின் ஜீப்பால் வந்தது. அப்பா போன பிறகு அது யார் வீட்டு வாசலில் நிற்பது என்று ஆரம்பித்தது. நான் தொட்டால் அவன் சண்டைக்கு வந்தான். அவன் தொட்டால் நான் போனேன். கடைசியில் யாரும் தொடாமல் முருங்கை மரத்தடியில் துருப்பிடித்து நின்றது. டிரைவர் சீட்டில் ஒரு கோழி அடைகாத்து எட்டுக் குஞ்சு பொரித்தது. ஆறு வருஷத்தில் அந்த வண்டியால் பிரயோஜனம் அடைந்தது அந்தக் கோழி ஒன்றுதான்.

மங்களேஸ்வரி ஆள்விட்டுச் சொல்லி அனுப்பினாள்.

"சீர் அப்பா வண்டியிலதான் வரணும். ரெண்டு பேரும் அதுல ஒண்ணா வரணும். தனித்தனியா வர்றதா இருந்தா ஒருத்தரும் வர வேண்டாம். மாமன் இல்லாத பொண்ணுன்னு நெனச்சு நானே மணையில உக்கார வச்சுக்கிறேன்."

கேட்டதும் என் மனைவி ராசம்மாள் அழுதுவிட்டாள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பிலோமினாவின் ஷெட்டுக்குப் போனேன். எனக்கு முன்னால் காசி அங்கே வந்து உட்கார்ந்திருந்தான்.

பிலோமினா வண்டியைப் பார்க்க வந்தாள். ஒரு சுற்றுச் சுற்றினாள். கீழே படுத்துப் பார்த்தாள். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆகுமா?" என்றேன்.

"ஆகும் சார். ஆனா ரெண்டு மாசந்தான் இருக்கு. நான் ஒத்தையா செஞ்சா முடியாது. நீங்களும் காசி அண்ணனும் கை வைக்கணும்."

"எனக்கு ஸ்பானர் பிடிக்கவே தெரியாதேம்மா."

"சொல்லித் தர்றேன் சார்."

அன்றைக்கு நான் அவள் சீடன் ஆனேன்.

முன்சக்கரங்கள் ரெண்டையும் சேர்க்கும் இரும்புத் தண்டை, முன் ஆக்சிலை, என்னிடம் கொடுத்தாள். பின் ஆக்சிலைக் காசியிடம் கொடுத்தாள். அவரவர் வீட்டுக்குத் தூக்கிப் போனோம். ரெண்டின் வயிற்றுக்குள்ளும் பல்சக்கரங்கள் தேய்ந்து மொக்கையாகக் கிடந்தன. "நல்லதாப் பார்த்து வாங்கிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னாள். நான் கோயம்புத்தூருக்குப் போனேன், அவன் மதுரைக்குப் போனான். வாங்கினதை ஆளுக்கொரு நேரத்தில் ஷெட்டில் அவளிடம் காட்டிவிட்டு வீட்டுக்குக் கொண்டுபோனோம். நீ என்ன வாங்கினாய் என்று ஒரு வார்த்தை கேட்க எனக்கும் வாய் வரவில்லை, அவனுக்கும் வரவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். நான் உயிரைக் கொடுத்துச் செய்தேன். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பல் துலக்கும் பிரஷால் ஒவ்வொரு போல்ட்டாகத் தேய்த்தேன். அது யார் பிரஷ் என்பதில் ராசம்மாளுக்கும் எனக்கும் தகராறு வந்தது. முதுகு விட்டுப்போனது. முடித்ததும் தெருவில் போகிறவனை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன். காசியும் அவன் தெருவில் அதையே செய்தானாம். ராசம்மாளும் அவன் மனைவி ஜோதிமணியும் சேர்ந்து உட்கார்ந்து மேல்கூரைக்குக் கித்தான் தைத்தார்கள். "ஆம்பளைங்க மூஞ்சியத் தூக்கிக்கிட்டா எங்களுக்கு என்ன கேடு?" என்றாள் ராசம்மாள்.

கல்யாணத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது வண்டி எழுந்து நின்றது. பச்சைப் பெயிண்ட் அடித்து, அப்பா வைத்திருந்த மாதிரியே.

சோதனைக்குப் புறப்பட்டோம். காசி ஓட்டினான். நடுவில் பிலோமினா, இந்தப் பக்கம் நான். தார் ரோட்டில் வண்டி வழுக்கிக்கொண்டு போனது.

"இந்த ரெண்டாவது லீவர் எதுக்கும்மா?" என்று கேட்டேன்.

"இப்போ பின்சக்கரம் மட்டும் தள்ளுது சார். அதைப் போட்டா முன்சக்கரமும் சேர்ந்து இழுக்கும். அது இல்லாம தேக்கம்பாறை ஏறாது."

"முன்னாலயும் பின்னாலயும் எப்படிச் சேர்ந்து இழுக்கும்?"

"மலையடி வரட்டும் சார்."

மலையடி வந்தது. அவள் லீவரைப் போட்டாள்.

பத்தடி போனதும் வண்டி உறுமியது. இருபதடியில் உதறியது. ஸ்டியரிங் காசியின் கையை முறுக்கியது. அடியில் ஏதோ காந்தும் வாடை. நிறுத்தினோம். லீவரை விடுவிக்கப் பார்த்தாள், வரவில்லை. காசி பார்த்தான், வரவில்லை.

"பின்னால ஏதோ கோளாறு, அவன்கிட்டச் சொல்லும்மா" என்றேன்.

"முன்னாடிதான் முக்குது, அவருகிட்டச் சொல்லு தங்கச்சி" என்றான் அவன்.

எங்கள் இருவருக்கும் நடுவில் ரெண்டு அங்குலம் இடைவெளி விட்டு அவள் உட்கார்ந்திருந்தாள். நாங்கள் கால் மணி நேரம் அவள் காது வழியாகவே சண்டை போட்டோம். வாத்தியான் வேலை பார்த்தவன் பேசக்கூடாத வார்த்தையெல்லாம் பேசினேன்.

அவள் காசியை இறங்கச் சொன்னாள். தானே ஸ்டியரிங்கில் உட்கார்ந்து வண்டியைப் பின்னால் எடுத்தாள். ஒரு ஆள் நீளம் வந்திருக்கும். லீவர் தானாகக் கழன்றது.

"என்ன செஞ்சே?"

"முறுக்கிக்கிட்டு நின்னா விடாது சார். கொஞ்சம் பின்னால வந்தா விட்டுரும்" என்றாள்.

ஷெட்டுக்குத் திரும்பினோம். நாலு சக்கரமும் தரையில் படாதபடி வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினாள். வலப்பக்கச் சக்கரங்கள் ரெண்டையும் சுற்றாதபடி கயிறு போட்டுக் கட்டினாள். கியரை நியூட்ரலில் வைத்து அந்த ரெண்டாவது லீவரை மட்டும் போட்டாள்.

"சார், பையில சாக்பீஸ் இருக்கா?"

இருந்தது. ஓய்வு பெற்று ரெண்டு வருஷம் ஆனாலும் அந்தப் பழக்கம் போகவில்லை.

இடப்பக்கச் சக்கரங்கள் ரெண்டிலும் உச்சியில் ஒரு கோடு கிழித்தாள். முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் என்னை உட்கார வைத்தாள். பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் காசியை.

"சார், நீங்க கையால சுத்துங்க. கோடு மேல வரும்போதெல்லாம் வாய்விட்டு எண்ணுங்க. காசி அண்ணே, நீங்க உங்க சக்கரத்தைத் தொட வேண்டாம். பார்த்துக்கிட்டு எண்ணினா போதும்."

சுற்றினேன். கல்லாட்டம் கனத்தது. மெல்ல அசைந்தது. அந்தக் கோடியில், காசி பக்கத்தில், யாரும் தொடாத சக்கரமும் அசைந்தது.

நான் நிறுத்தினேன், அதுவும் நின்றது. சுற்றினேன், அதுவும் சுற்றியது. இங்கே என் கை, அங்கே அவன் சக்கரம். அறுபது வருஷமாக ஜீப் ஓடும் ஊரில் இருக்கிறேன். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. காசியும் வாயைப் பிளந்தபடி என்னையும் சக்கரத்தையும் மாறி மாறிப் பார்த்தான். ஆறு வருஷத்தில் அவன் என் முகத்தை நேராகப் பார்த்தது அப்போதுதான்.

"எண்ணுங்க" என்றாள் பிலோமினா.

"ஒண்ணு" என்றேன்.

"ஒண்ணு" என்றான்.

அப்படியே போனது. ரெண்டு, மூணு, நாலு. பத்தில் அவன் பதினொன்று என்றான். நான் முறைத்தேன். அவன் முறைக்கவில்லை, கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இருபது" என்று நிறுத்தினேன்.

"இருபத்திரெண்டு" என்றான்.

"ஒழுங்கா எண்ணச் சொல்லும்மா அவனை!"

"இடம் மாறி உக்காருங்க" என்றாள்.

மாறினோம். இப்போது அவன் பின்சக்கரத்தைச் சுற்றினான். நான் முன்சக்கரத்தைப் பார்த்தேன். கண்ணை இமைக்காமல் பார்த்தேன். அவன் இருபது என்றான். என் வாயில் வந்தது பதினெட்டு.

அவன் சரியாகத்தான் எண்ணியிருக்கிறான். ஒன்று இருபது சுற்றும் நேரத்தில் மற்றது இருபத்திரண்டு சுற்றினால் வண்டி எப்படிப் போகும்? முன்னால் ஒருத்தன் நிற்கச் சொல்கிறான், பின்னால் ஒருத்தன் ஓடச் சொல்கிறான். நாங்கள் வாங்கிப் போட்ட பல்சக்கரங்களில் பல்லின் எண்ணிக்கையே வேறு. கணக்கு வாத்தியார் நான் எண்ணவில்லை.

"எது தப்பு?" என்று கேட்டேன்.

"ரெண்டும் சரிதான் சார். ரெண்டும் நல்ல சாமான்."

"அப்போ யாருதக் கழட்டுறது?"

அவள் ஸ்பானரை எங்களுக்கு நடுவில் தரையில் வைத்தாள். "டீ குடிச்சிட்டு வர்றேன்" என்று போய்விட்டாள்.

ஸ்பானரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். என் ஆக்சில் பளபளவென்று என்னைப் பார்த்தது. ரெண்டு மாச உழைப்பு. தெருவுக்கே காட்டியாயிற்று. அதைக் கழட்டினால் தோற்றது நான் என்று ஊர் சொல்லும். கழட்டாவிட்டால் மலைமேல் ஒரு பெண் மாமன் இல்லாமல் மணையில் உட்காரும். பிறந்த அன்று அவளை முதலில் கையில் வாங்கியவன் நான். ரெண்டாவதாக வாங்கியவன் இவன்.

"காசி" என்றேன்.

அவன் நிமிர்ந்தான்.

"என்னுதக் கழட்டுடா."

அவன் கண் கலங்கிவிட்டது.

"வேணாண்ணே. நீ முதுகுவலியோட செஞ்சது. என்னுதக் கழட்டுவோம்."

"மூத்தவன் சொன்னாக் கேளுடா!"

"ஒரு தடவையாவது நீ கேளேன்!"

பிலோமினா திரும்பி வரும்போது நாங்கள் யாருடையதைக் கழட்டுவது என்று பெருஞ்சத்தத்தில் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். நடுவில் ஆள் வைக்காமல், நேருக்கு நேர். அவள் வாசலிலேயே நின்றுகொண்டாள்.

கடைசியில் என்னுடையதுதான் கழன்றது. ரெண்டு பேரும் சேர்ந்தே கழட்டினோம். பிலோமினா அலமாரியைத் திறந்து எண்ணெய்த் துணியில் சுற்றிய ஒரு பல்சக்கர ஜோடியை எடுத்துக் கொடுத்தாள். அலமாரியில் அதே போல இன்னொரு பொட்டலமும் இருந்தது. மாட்டி முடித்து மறுபடியும் எண்ணினோம். ரெண்டு வாயும் ஒரே நேரத்தில் இருபது என்றன. நான் குலுங்கிக் குலுங்கி அழுதேன். வெட்கமாகத்தான் இருந்தது.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலை, சீர்த்தட்டுகளோடு புறப்பட்டோம். பின்னால் ராசம்மாளும் ஜோதிமணியும் பிலோமினாவும். முந்தின நாள் மழை பெய்து பாதை சேறாகக் கிடந்தது. முதல் வளைவிலேயே பின்சக்கரம் வழுக்கியது.

"அண்ணே, போடு" என்றான் காசி.

லீவரைப் போட்டேன்.

உறுமல் இல்லை, உதறல் இல்லை. பின்னால் இருந்து யாரோ தாங்கிப் பிடிக்க, முன்னால் இருந்து யாரோ கைகொடுக்க, அப்பாவின் வண்டி தன் பாட்டுக்கு ஏறியது. பாறைமேல் ஏறியது, சேற்றில் ஏறியது, மேகத்துக்குள் ஏறியது. ஜோதிமணி "ஆத்தாடி!" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

தேக்கம்பாறையில் மங்களேஸ்வரி வாசலில் நின்றிருந்தாள். வண்டியைப் பார்த்தாள். இந்தப் பக்கக் கதவில் என்னைப் பார்த்தாள், அந்தப் பக்கக் கதவில் அவனைப் பார்த்தாள். ஓடி வந்து ரெண்டு கையையும் பானெட்டின்மேல் வைத்துக்கொண்டு நின்றாள். சூடாக இருந்திருக்கும். அவள் கையை எடுக்கவில்லை.

சீர் இறக்கும் சந்தடியில் பிலோமினா ஓரமாக நின்று டயரில் ஒட்டிய சேற்றைக் குச்சியால் தட்டிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போனேன். அந்த ரெண்டாவது பொட்டலம் வழியெல்லாம் என் மனசில் ஓடிக்கொண்டிருந்தது.

"அலமாரியில ரெண்டு ஜோடி வச்சிருந்தே. ஒண்ணு எனக்குச் சேர்றது, ஒண்ணு அவனுக்குச் சேர்றது. அப்போ நாங்க வாங்கிட்டு வந்த அன்னிக்கே நீ பல்லை எண்ணிட்டே."

"ஆமா சார். விரல்விட்டுத்தான் எண்ணினேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

அவள் குச்சியைக் கீழே போட்டாள்.

"நான் எண்ணினா எனக்குத்தானே சார் தெரியும்?"

என் சட்டைப் பையில் சாக்பீஸ் இருந்தது. அதை எடுத்து அவள் கையில் வைத்தேன்.