உள்ளான் ஏன் அலையோடு ஓடுகிறது?

பறவைகள் மனிதரோடு வாயாடிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், குளிர் மிகுந்த ஆங்கில நாட்டின் வடகரையில் ஒரு குட்டித் தீவு. அங்கே டில்வின் என்ற பிஷப் இருந்தார். பிஷப் என்றதும் நாற்காலியில் சாய்ந்திருக்கிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். காலில் சக்கரம் கட்டிய மனிதர். தீவில் இருந்தால் மனசு ஊர்களில் இருக்கும், ஊருக்குப் போனால் தீவை நினைத்துத் தவிக்கும்.

கடல் வடியும்போது மட்டும் தீவுக்கும் கரைக்கும் நடுவே மணல்வழி தெரியும். வடிகிறதா, ஏறுகிறதா என்று சொல்வது உள்ளான் குருவியின் வேலை. அப்போதெல்லாம் அது நின்ற இடத்தை விட்டு அசையாத பறவை. ஈரமணலில் காலை ஊன்றியே கடலின் போக்கைச் சொல்லிவிடும்.

ஒரு காலை, ஊரெல்லாம் கொள்ளைநோய். எதிர்க்கரையில் எடித் என்ற மீனவப் பெண், சாகக் கிடக்கும் மகளோடு காத்திருந்தாள். மகள் நெற்றியில் புனித எண்ணெய் பூச வேண்டும். அந்த நாட்டு வழக்கப்படி அதற்கு பிஷப்பின் கைதான் வேண்டும். சேதி கேட்டு அவர் தீவின் கரைக்கு வந்தபோது ஒரே மூடுபனி. கணுக்கால் அளவு தண்ணீர் தெரிந்தது, அவ்வளவுதான்.

"வடியுதா?" என்று உள்ளானைக் கேட்டார்.

"இல்ல சாமி, ஏறுது. பொறுங்க."

நாலு எட்டு நடப்பார், திரும்பி வருவார். "இப்ப?"

"இல்ல."

"இப்பவாவது? அந்தப் பிள்ளை தாங்காதுப்பா!"

ஒன்பதாவது தடவை கேட்டபோது உள்ளான் வாயில் புழு. எரிச்சலில் காலைக்கூட ஊன்றிப் பார்க்காமல், "வடியுது, வடியுது! போய்த் தொலைங்க சாமி!" என்றது.

பிஷப் அங்கியைத் தூக்கிச் செருகினார். எண்ணெய்ச் சிமிழை மார்போடு அணைத்துக்கொண்டு பனிக்குள் நடந்தார்.

புழுவை விழுங்கிய பிறகுதான் உள்ளான் காலை ஊன்றியது. தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

"சாமி! பொய் சொல்லிட்டேன், திரும்புங்க!" என்று பின்னாலேயே ஓடியது. அலை வந்து துரத்தியதும் கரைக்கு ஓடி வந்தது. அலை போனதும் மறுபடி ஓடியது.

"என்னப்பா சொல்றே?" என்று பனிக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை.

எதிர்க்கரையில் எடித் மதியம்வரை கடலையே பார்த்திருந்தாள். அதற்குள் மகள் மடியிலேயே போய்விட்டாள்.

உள்ளான் அன்று ஓடத் தொடங்கியதுதான். இன்றும் அலை போனால் பின்னால் ஓடும், வந்தால் திரும்பி ஓடும். நீங்கள் கூப்பிட்டு என்ன கேட்டாலும் சரி, "போங்க" என்று யாருக்கும் ஒரு வார்த்தை சொல்லாது.