மயிலுக்கு இடி பிடித்துப்போன கதை

ஊரே கேட்க முழங்குவான், ஒருவருக்கும் முகம் காட்டமாட்டான். யார் அவன்? இடி என்று சொன்னவர்கள் மேலே கேளுங்கள்.

பறவையும் விலங்கும் பேசிக்கொண்ட காலத்தில், மயில்களுக்கு இடி என்றால் குலைநடுக்கம். வானம் உறுமியதும் ஓடிப்போய்ப் பாறைப் பொந்துக்குள் தலையை நுழைத்துக்கொள்ளும். தோகை வெளியே கிடந்து நனையும். "நரியாருக்கு இலை போட்டாச்சு" என்று காட்டுக்கோழிகள் கேலி செய்யும். நரியும் பொந்து வாசலில் போய் நின்றால் போதும்.

கொன்றை என்ற பெண்மயில் தன் துணையை அப்படித்தான் பறிகொடுத்தாள். மிஞ்சியது ஒரே குஞ்சு, பீலியன். அவனும் இடி கேட்டால் பொந்துக்கே ஓடினான்.

ஒருநாள் தொலைவில் இடித்தது. மரத்திலிருந்த கொன்றை கீழே நரியைப் பார்த்தாள். மயில் ஒன்றும் கண்ணில் படவில்லை, ஆனாலும் நரிக்கு எச்சில் ஒழுகியது. குட்டியாக இருந்தபோது இதே நரி இடிக்கு நடுங்கியது அவள் நினைவுக்கு வந்தது.

"இடிக்குப் பின்னால் சாப்பாடு வந்து வந்து, இவனுக்கு இடியே ருசிக்கிறது" என்றாள். "என் பிள்ளைக்கும் ருசிக்கட்டும்."

முதலில், மழை இருட்டும்போதே நாவல்பழம் ஊட்டிப் பார்த்தாள். அது தப்பாகப் போனது. பழத்தைக் கண்டாலே இடி வரும் என்று பீலியன் நடுங்கினான். ஆகவே முறையை மாற்றினாள். முதலில் இடி, உடனே ஈசல். தொலைவில் உறுமினால் கொஞ்சம், தலைக்குமேல் இடித்தால் வாய் நிறைய.

மழைக்காலங்கள் போயின. பீலியனுக்குத் தோகை வளர்ந்தது. ஒருநாள், "இன்னும் இடிக்கலையே, அம்மா?" என்று அவனே கேட்டான். கொன்றையின் கழுத்து நிமிர்ந்தது.

பிறகு ஒரு மாலை, மலை பிளந்ததுபோல் இடித்தது. அன்று அவளிடம் ஓர் ஈசல்கூட இல்லை. மயில்கள் பொந்தை நோக்கி ஓடின. அங்கே நரி காத்திருந்தது. ஓடாதே என்று மகனிடம் சொல்ல வாயெடுத்தவள், சொல்லாமல் நின்றாள்.

வெட்டவெளிப் பாறையில் நின்ற பீலியனுக்கு வாய் ஊறியது, உடல் சிலிர்த்தது. சிலிர்த்த சிலிர்ப்பில் தோகை முழுவதும் விரிந்தது. ஓடிய மயில்கள் அதைப் பார்த்து நின்றுவிட்டன. நரி வெறும் வாயோடு திரும்பியது.

"அது யார் வீட்டுப் பிள்ளை?" என்று காட்டுக்கோழி கேட்டது.

"என் பிள்ளை" என்றாள் கொன்றை.

இடி கேட்டால் மயில் தோகை விரிப்பது அந்த மழையில் தொடங்கியதுதான். அடுத்த இடி இடித்தபோதும் பொந்து பக்கத்திலேயே இருந்தது. பீலியன் பாறையில் நின்றான்.