மேடைப் பக்கத்துக் கதவு

திருச்சிக்கு வெளியே ஒரு மாநாட்டு மையம் எழும்பிக்கொண்டிருந்தது. அதன் பெரிய அரங்கத்துக்கு உள்ளமைப்பு வரையும் வேலையை கட்டடக் கலைஞர் ஆரோக்கியமேரி தன்னிடம் வேலை பழகும் மாணவன் பூவரசனிடம் கொடுத்திருந்தார். மையத்தின் கட்டுமானக் குழு ஒப்புக்கொண்டால் வரைபடத்தில் அவன் பெயரும் இருக்கும். அவன் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவன்தான். "உன் பேரு போடுவாங்களாடா?" என்று அப்பா தினமும் கேட்டுக்கொண்டிருந்தார்.

பின்பக்க வாசலை மூடிவிட்டு, மேடையை ஒட்டி ஒரே ஒரு தேக்குக் கதவை வரைந்திருந்தான். மாதிரிக்காக அதை மாட்டியும் ஆகிவிட்டது.

"மாப்ள, இது மாநாட்டுக்கா, மாப்பிள்ளை அழைப்புக்கா?" என்று கேலி செய்தான் கூட வேலை பார்க்கும் ஜாபர்.

பூவரசனுக்குச் சுருக்கென்றது. ஆரோக்கியமேரியிடம் போனான். "மேடம், கதவு அங்க இருக்கறது தப்பா?"

"ஏன் அங்க வச்ச?"

"பின்னாடி வச்சா வர்றவங்க எல்லார் முதுகையும்தான் பாக்கணும். இங்கன்னா, நுழைஞ்சதும் மொத்த அரங்கமும் கண்ணுல விழும்."

"நீ எப்பப் போய்ப் பாத்த?"

"ஞாயித்துக்கிழமை. யாருமே இல்ல, நின்னு நிதானமாப் பாத்தேன்."

அவர் வரைபடத்தைச் சுருட்டி வைத்தார். "நாளைக்குக் குழு அங்கயே கூடுது. ஆபீஸ்ல இருந்து மர மாதிரிகளை எடுத்துக்கிட்டு நீ அப்புறமா வா" என்றார்.

மறுநாள் அவன் போய்ச் சேர்ந்தபோது கதவு சாத்தியிருந்தது. சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. உள்ளே யாரோ கனத்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். 'வந்துட்டேன் மேடம்' என்று செய்தி அனுப்பினான். பதில் இல்லை.

தானே தேர்ந்தெடுத்த பித்தளைக் கைப்பிடியைத் தொட்டான். உள்ளே எல்லோரும் சிரித்தார்கள். கையை எடுத்துக்கொண்டான். இந்தப் பேச்சு முடியட்டும் என்று நின்றான். அது முடிந்ததும் உள்ளே அமைதியாகிவிட்டது. அந்த அமைதியில் நுழைவது இன்னும் கஷ்டமாக இருந்தது.

கடைசியில் கதவு திறந்தது. எல்லோரும் கலைந்து போனார்கள். ஆரோக்கியமேரி மட்டும் அவனருகில் நின்றார்.

"உள்ள வந்திருக்கலாமே?"

"எல்லாரும் என்னையே பாப்பாங்க மேடம்." அவன் குரல் இறங்கியது. "வரைபடம் என்ன ஆச்சு?"

"கையெழுத்து ஆகல. எல்லாருக்கும் பிடிச்சிருந்தது. அதுலயும் கதவு ரொம்ப அழகுன்னாங்க. வரைஞ்சவர் வந்து ஒரு வார்த்தை சொன்னா, இப்பவே போட்டுடலாம்னார் குழுத் தலைவர்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வாசல்லதான் நிக்கிறார், கதவும் தாழ் போடல, வந்துடுவார்னு சொன்னேன். கூட்டம் கலையிற வரைக்கும் எல்லாரும் அந்தக் கதவையேதான் பாத்துக்கிட்டு இருந்தோம்."