அண்ணாச்சி எழுதிக் கொடுத்த கடிதம்

கனடாவுல ஞானதிரவியம் அண்ணாச்சின்னு ஒருத்தர் ஓட்டல் வச்சிருந்தார். அங்கே பரோட்டா மாஸ்டர் நம்ம கடையநல்லூர் மாடசாமி. ரெண்டு வருசமாச் சமையல்காரனா இருக்கான்னு முதலாளி கடிதம் கொடுத்தா, அந்த நாட்டிலேயே நிரந்தரமா இருக்க பி.ஆர். கிடைக்கும். எடுபிடி வேலைக்குக் கிடைக்காது.

கிடைச்சா பறந்துருவான்னு அண்ணாச்சிக்குப் பயம். “எடுபிடி. பாத்திரம் கழுவுவான், வெங்காயம் உரிப்பான்” என்று எழுதி நீட்டினார். மாடசாமி அதை வாங்கி மடிச்சுச் சட்டைப்பையில வச்சிக்கிட்டான்.

சனிக்கிழமை மத்தியானம் ஒரு பிறந்தநாள் கூட்டம், நாற்பது பேர். எல்லாருக்கும் பரோட்டாதான் வேணும். மாடசாமியோ பாத்திரம் கழுவிக்கிட்டு நிக்கான்.

“ஏலே, கல்லு காயுது!”

“நான் எடுபிடிதானே அண்ணாச்சி” என்று கூட்டத்துக்கும் கேக்கிற மாதிரி சொன்னான் மாடசாமி. “ கவர்மெண்டுக்கு நீங்க எழுதினது பொய்யாயிரக் கூடாது பாருங்க.”

அண்ணாச்சிக்கு ரோசம் வந்துட்டு. கூட்டம் பார்க்க, வாசலோரக் கல்லு முன்னால நின்னு தானே மாவை வீசினார். முதல் வீச்சுல கிழிஞ்சது. ரெண்டாவது, பிறந்தநாள்காரர் மடியில போய் விழுந்தது.

“அப்போ ரெண்டு வருசமா நாங்க தின்னது யாரு போட்டது அண்ணாச்சி?” என்று கேட்டார் அவர்.

“அவன்தான்யா!”

“அதை எழுதிக் கொடுத்துட்டு அவனைக் கூப்பிடுங்க. பசிக்குதுல்ல!”

கூட்டத்துக்கு முன்னாலேயே புதுக் கடிதம் எழுதிக் கையெழுத்தும் ஆச்சு. மாடசாமி கையைத் துடைச்சிக்கிட்டுக் கல்லுக்கு வந்தான்.

“பி.ஆர். வந்தா போயிருவியாலே?” என்றார் அண்ணாச்சி மெதுவாக.

“அதை அப்பப் பாப்போம். இப்போ எடுபிடி இடம் காலியா இருக்கு. வெங்காயத்தை உரிங்க அண்ணாச்சி.”